மூன்றாவது நார்ம்: சதுரங்கப் பட்டங்களை எப்படி மதிக்கிறோம்?

2024 மே மாதம் துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் தமிழ்நாட்டு வீரர் ஷ்யாம் நிகில் ஒன்பது சுற்று ஆடினார். ஒன்றில் வெற்றி, எட்டில் டிரா, மொத்தம் ஐந்து புள்ளி. கோப்பை வாங்கித் தரும் ஸ்கோர் இல்லை அது. ஆனால் அந்த ஐந்து புள்ளிதான் அவரை இந்தியாவின் 85ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆக்கியது. அப்போது அவருக்கு வயது 31. பட்டத்துக்கு வேண்டிய 2500 ரேட்டிங்கை அவர் 2012லேயே தொட்டுவிட்டார். ஒரு போட்டியைக் குறிப்பிட்ட தரத்தில் ஆடி முடித்தால் கிடைக்கும் நார்ம்களில் இரண்டும் அதற்குள் கைக்கு வந்திருந்தன. மீதியிருந்த ஒரே ஒரு நார்முக்கு 12 ஆண்டு பிடித்தது.

அந்த 12 ஆண்டில் அவரைவிட மிக இளையவர்கள் வரிசையாக வந்து பட்டம் வாங்கிப் போனார்கள். நாளிதழ்கள் அவர்களின் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து அச்சிட்டன. ஒரு போட்டியில் ஒருவர் பட்டம் பெறுகிறார் என்றால் அந்த அரங்கில் உண்மையில் என்ன நடக்கிறது, நாம் அதில் எதைப் பார்த்து மெச்சுகிறோம் என்பதை ஆராயத்தான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் வயதைக் கொண்டாடுகிறோம், நார்மைக் கண்டுகொள்வதில்லை. பட்டத்தின் உயிரோ நார்மில்தான் இருக்கிறது.

உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாக நான்கு பட்டங்கள் தருகிறது. கேண்டிடேட் மாஸ்டருக்கு 2200 ரேட்டிங், ஃபிடே மாஸ்டருக்கு 2300. இந்த இரண்டுக்கும் அவ்வளவுதான். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400, கிராண்ட்மாஸ்டருக்கு 2500 என்று ரேட்டிங் வைத்திருந்தாலும் அது மட்டும் போதாது. நார்ம்கள் வேண்டும். குறைந்தது 27 ஆட்டங்கள் அவற்றில் அடங்க வேண்டும் என்பதால், நடைமுறையில் ஒன்பது சுற்றுப் போட்டிகள் மூன்றில் நார்ம் எடுத்தாக வேண்டும். கிராண்ட்மாஸ்டர் நார்ம் என்றால் அந்த ஒரு போட்டியில் 2600 ரேட்டிங் உள்ளவரின் தரத்தில் ஆடியிருக்க வேண்டும். இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்முக்கு 2450. ஒரு முறை எடுத்த நார்முக்குக் காலாவதி கிடையாது. 2500ஐ ஒரு முறை தொட்டுவிட்டால் பிறகு இறங்கினாலும் கணக்குக் கெடாது. நிகிலின் பழைய நார்ம்கள் 2024இலும் செல்லுபடியானது இதனால்தான்.

நார்மின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஒன்பது எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கோடு, எடுத்த புள்ளிகளுக்கு அட்டவணை தரும் எண்ணைக் கூட்ட வேண்டும். ஏழு புள்ளிக்கு அந்த எண் 220, ஆறுக்கு 125, ஐந்துக்கு 43. கூட்டுத்தொகை 2600ஐத் தொட வேண்டும். ஆகவே ஏழு புள்ளி எடுப்பவருக்கு எதிராளிகளின் சராசரி 2380 இருந்தால் போதும். ஆறு எடுப்பவருக்கு 2475 வேண்டும். ஐந்தே எடுத்தவருக்கு 2557 வேண்டும். துபாயில் எடுத்த ஐந்து புள்ளியின் கனம் இங்கே தெரிகிறது. சராசரி 2557 என்ற வரிசையை எதிர்த்து ஒன்பது சுற்று ஒரு ஆட்டமும் தோற்காமல் உட்கார்ந்திருப்பது எளிய காரியமில்லை.

இதற்கு மேலும் நிபந்தனைகள் உண்டு. எதிராளிகளில் பாதிப்பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். சொந்த நாட்டவர் ஒன்பதில் ஐந்து பேருக்கு மேல் வரக்கூடாது. சொந்த நாட்டைத் தவிர இன்னும் இரண்டு நாட்டவராவது இருக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி 2380க்குக் கீழே போனால், எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் கிராண்ட்மாஸ்டர் நார்ம் கிடையாது.

ஓப்பன் போட்டிகளில் இது எப்படி ஒருவரின் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு நானே போட்ட ஒரு கணக்கு. எட்டு எதிராளிகளின் சராசரி 2420 என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் மட்டும் 2050 ரேட்டிங் உள்ள ஒருவருடன் பேரிங் விழுந்தது. ஒன்பது பேரையும் கூட்டி வகுத்தால் சராசரி 2379. ஒரே ஒரு எண் குறைவு. ஏழு புள்ளி எடுத்திருந்தாலும் 2599தான் வரும்; நார்ம் போயிற்று. இந்த அநியாயத்தைத் தடுக்க விதியில் ஒரு சலுகை இருக்கிறது. மிகக் குறைந்த ரேட்டிங் உள்ள ஒரு எதிராளியை 2200 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் சராசரி 2396, தரம் 2616, நார்ம் கிடைத்துவிடும். ஆனால் சலுகை ஒரு எதிராளிக்கு மட்டும்தான். இரண்டாம் சுற்றிலும் 2050 உள்ள இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் சராசரி 2354க்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஏழரை எடுத்தாலும் பயனில்லை. நம் ஊர் ஓப்பன்களில் ரேட்டிங் 2050 என்று காட்டும் பையன்கள் பலர் அதைவிட 200 புள்ளி பலமாக ஆடுகிறவர்கள். அவர்களிடம் தோற்றாலும் கஷ்டம், ஜெயித்தாலும் கணக்கில் பலன் குறைவு.

இந்தக் கணக்கெல்லாம் கடைசியில் ஒரு தாளில் வந்து சேர்கிறது. ஐடி1 என்று அழைக்கப்படும் நார்ம் சான்றிதழ் அது. ஆடியவரின் பெயர், ஃபிடே எண், ரேட்டிங். அதன் கீழே சுற்று வாரியாக எதிராளிகளின் பெயர், நாடு, ரேட்டிங், பட்டம், முடிவு. பிறகு எத்தனை நாட்டவர், எத்தனை கிராண்ட்மாஸ்டர்கள், சராசரி எவ்வளவு என்ற விவரங்கள். தலைமை நடுவர் கையொப்பமிடுகிறார். மூன்று சான்றிதழ்கள் சேர்ந்ததும் வீரரின் தேசியக் கூட்டமைப்பு கட்டணம் கட்டி விண்ணப்பிக்கிறது. லொசானில் தலைமையகம் வைத்திருக்கும் ஃபிடே ஏற்று அறிவிக்கிறது. சில மாதங்கள் கழித்து வரும் அந்த அறிவிப்பு ஒரு சடங்குதான். பட்டம் உருவான இடம் நடுவரின் மேசை.

எதிராளி யார் என்பது இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018 ஜூனில் இத்தாலியின் ஓர்டிசேயில் நடந்த கிரெடின் ஓப்பன் நல்ல சாட்சி. எட்டாம் சுற்றில் பிரக்ஞானந்தா இத்தாலிய கிராண்ட்மாஸ்டர் லூகா மொரோனியை வென்றார். நார்ம் முழுமையடைய ஒன்பதாம் சுற்றில் 2482க்கு மேல் ரேட்டிங் உள்ள ஒருவருடன் அவர் ஆட வேண்டும், ஆடினாலே போதும். அன்று இரவு காத்திருந்தது பேரிங் பட்டியலுக்காக. நெதர்லாந்தின் கிராண்ட்மாஸ்டர் ரூலாண்ட் புரூய்செர்ஸ் எதிராளியாக வந்தார், ரேட்டிங் 2514. கடைசி ஆட்டத்துக்கு முன்பே பட்டம் உறுதியாகிவிட்டது. அப்போது பிரக்ஞானந்தாவுக்கு வயது 12 ஆண்டு, 10 மாதம், 13 நாள். உலகச் செய்திகள் எல்லாம் இந்த மூன்று எண்களைத்தான் தலைப்பில் வைத்தன. 2482 என்ற எண் செஸ் வட்டாரத்துக்கு வெளியே யார் காதிலும் விழவில்லை.

பட்டங்கள் எப்போதும் இப்படிக் கணக்கில் பிறந்தவை அல்ல. 1914இல் பீட்டர்ஸ்பர்க் போட்டியின் முடிவில் ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலஸ், லாஸ்கர், காபப்ளாங்கா, அலெகின், டார்ராஷ், மார்ஷல் ஐவருக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் சூட்டினார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. மார்ஷலின் நினைவுக் குறிப்புகள் வழியே பரவிய இந்தக் கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை என்று சதுரங்க வரலாற்றாளர் எட்வர்டு விண்டர் காட்டியிருக்கிறார். ஃபிடே அதிகாரபூர்வமாகப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1950இல். முதல் பட்டியலில் 27 பேர். போட்வின்னிக், ஸ்மிஸ்லோவ், ப்ரான்ஸ்டீன், கெரெஸ் போன்று அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களோடு பழைய தலைமுறையினரும் இருந்தார்கள். ஜாக் மீசஸுக்கு அப்போது 85 வயது. அகிபா ரூபின்ஸ்டைன் போட்டி ஆட்டத்தை விட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு அவர்கள் தந்ததை உலகம் மறக்கவில்லை என்று சொல்வதற்காகவே அவர்களின் பெயர் சேர்க்கப்பட்டது. இதை நான் ஃபிடேயின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக மதிக்கிறேன்.

ஆனால் குழு கூடித் தரும் பட்டத்தில் குழுவின் சாய்வும் சேர்ந்தே வரும். இரண்டு முறை உலகப் பட்டத்துக்காக அலெகினோடு மோதிய போகோல்யுபோவின் பெயர் 1950 பட்டியலில் இல்லை. சோவியத் நாட்டை விட்டு ஜெர்மனிக்குப் போனவர் அவர். அடுத்த ஆண்டுதான் பட்டம் கிடைத்தது. அவருக்காவது ஓராண்டு. பஞ்சாபின் மீர் சுல்தான் கானுக்கு ஆனது 74 ஆண்டு. சர் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தோடு இங்கிலாந்துக்குப் போன அவர் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபப்ளாங்காவை வீழ்த்தினார். பிறகு ஊர் திரும்பி ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆட்டத்திலிருந்து ஒதுங்கிய ஐரோப்பியர்களை நினைவில் வைத்திருந்த 1950ஆம் ஆண்டுக் குழு, அவரை நினைக்கவில்லை. 1966இல் அவர் இறந்தார். 2024 பிப்ரவரியில்தான் ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தது. பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று இன்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. காலம் கடந்த மரியாதையும் மரியாதைதான். ஆனால் அதைப் பெற வேண்டியவர் அங்கே இல்லை.

குழுக்களின் கையிலிருந்து பட்டத்தை மீட்டது ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஆர்பாட் ஈலோவின் கணக்குமுறையை ஃபிடே 1970இல் ஏற்றது. அதற்குப் பிறகு யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆடிய ஆட்டமே பேசும் என்ற நிலை வந்தது. என்றாலும் கறாரான கணக்குக்கும் இடையிடையே மனிதத் தீர்ப்பு தேவைப்பட்டது. ஜார்ஜியாவின் நோனா காப்ரிந்தாஷ்விலி 1977இல் அமெரிக்காவின் லோன் பைன் போட்டியில் ஆண் கிராண்ட்மாஸ்டர்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நார்முக்கு வேண்டிய மொத்த ஆட்டக் கணக்கில் சற்றுக் குறைவு இருந்தது. ஆனாலும் 1978இல் ஃபிடே அவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 2020இல் வெளிவந்த ‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடரில் அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனம் வந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2022இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எண்பது வயதில் ஒருவர் தன் சாதனைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், ஏட்டில் பதிந்த பட்டமும் பிறர் மறந்தால் மங்கிவிடும் என்றுதான் பொருள்.

பெண்களுக்கெனத் தனிப் பட்டங்கள் இருப்பது இன்னொரு குழப்பத்துக்கு இடம் தருகிறது. பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 1976இல் வந்தது. ரேட்டிங் 2300, நார்ம் தரம் 2400. அதாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தைவிட ஒரு படி கீழே. செய்தித்தாள்கள் இதைக் கவனிக்காமல் பெண்கள் கிராண்ட்மாஸ்டரை வெறுமனே கிராண்ட்மாஸ்டர் என்று எழுதிவிடுகின்றன. இதில் பாதிக்கப்படுபவர்கள் பெண்களே. சென்னை வீராங்கனை வைஷாலியின் பாதையைப் பாருங்கள். 2018இல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர், 2021இல் இன்டர்நேஷனல் மாஸ்டர், 2023 டிசம்பரில் ஸ்பெயினில் நடந்த போட்டியில் 2500ஐக் கடந்து கிராண்ட்மாஸ்டர். கோனேரு ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து இந்தப் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண். 2018லேயே அவரை ‘கிராண்ட்மாஸ்டர்’ என்று எழுதிவிட்டால், அடுத்த ஐந்து ஆண்டு அவர் ஏறிய ஏற்றம் யாருக்குத் தெரியும்? ஹங்கேரியின் கிராண்ட்மாஸ்டர் ஜூடித் போல்கார் பெண்களுக்கான தனிப் பட்டங்களே வேண்டாம் என்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1900, 2000 என்று ஏறிவரும் ஒரு பெண்ணுக்கு நடுவழியில் பிடித்துக்கொள்ள ஒரு படி வேண்டும். அந்தப் படியின் உயரத்தை உள்ளபடி சொன்னால் போதும். 2025 ஜூலையில் பாட்டுமியில் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக், கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்ம்கூட இல்லாமல் அந்த ஒரே வெற்றியால் நேரடியாகக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்தியாவின் 88ஆவது. விதியில் அப்படி ஒரு வாசலும் உண்டு.

இந்தியாவின் பட்டக் கதையில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1961இல் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் போர்டிஷ், ஊல்மன் ஆகிய பெரிய ஆட்டக்காரர்களை வென்றார். இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டராக வி. ரவிக்குமார் வர 1978 வரை ஆயிற்று. அவரும் தமிழ்நாட்டுக்காரர். 17 ஆண்டு இடைவெளிக்குத் திறமைப் பஞ்சம் காரணம் இல்லை. பட்டம் பெற்ற வெளிநாட்டவரோடு ஆடினால்தான் பட்டம். அவர்கள் இங்கே வரவில்லை, இங்கிருந்து அங்கே போகக் காசில்லை, அந்நியச் செலாவணி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. 1970களில் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். அவர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை நிறைவு செய்தது கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியை வென்று. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் நம் மண்ணில் முழுமை பெற்றது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1988இல் ஆனந்த், 1991இல் திவ்யேந்து பருவா, 1997இல் பிரவீன் திப்சே. முதல் மூவருக்கே ஏறக்குறைய பத்தாண்டு ஆயிற்று. 2025இல் சென்னையின் இளம்பரிதி பட்டம் பெற்றபோது எண்ணிக்கை 90. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டவர்.

ஆனால் ஆனந்துக்குக் கோயம்புத்தூரில் கிடைத்த வாய்ப்பு இன்று எத்தனை பேருக்கு உள்ளூரில் கிடைக்கிறது? பிரக்ஞானந்தாவின் கடைசி நார்ம் இத்தாலியில், சென்னையின் பிரணவ் பட்டத்தை முடித்தது ருமேனியாவில், இளம்பரிதி முடித்தது போஸ்னியாவில். ஐரோப்பிய ஓப்பன்களுக்கு நம் பிள்ளைகள் கூட்டமாகப் போவதால் அங்கேயும் இந்தியரோடு இந்தியர் மோத வேண்டி வருகிறது. அதனால் மற்ற நாட்டவர் எண்ணிக்கை குறைந்து நார்ம் நழுவுவதும் உண்டு. விமானக் கட்டணம், தங்கும் செலவு, கூடப் போகும் அப்பா அம்மாவின் சம்பளமில்லாத விடுப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு நார்மின் விலை. கட்டணம் வசூலித்து நடத்தும் நார்ம் போட்டிகளும் ஐரோப்பாவில் நிறைய. பத்துப் பேர், அவர்களில் மூன்று கிராண்ட்மாஸ்டர்கள், மற்றவர்கள் நார்ம் தேடி வந்தவர்கள். கிராண்ட்மாஸ்டர்களுக்குப் போகும் பணம் மற்றவர்கள் கட்டியது. விதிக்கு உட்பட்ட ஏற்பாடு என்றாலும், அங்கே ஆட்டத்தின் நேர்மை முழுக்கவும் நடுவரின் கண்ணையும் ஆடுவோரின் மனசாட்சியையும் நம்பியிருக்கிறது.

அந்த நம்பிக்கை உடைந்தால் ஃபிடே பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். 2015இல் துபாய் ஓப்பனில் கழிப்பறையில் ஒளித்து வைத்த கைபேசியால் மாட்டிக்கொண்ட ஜார்ஜியாவின் காயோஸ் நிகாலிட்ஸே கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை இழந்தார். 2019இல் ஸ்ட்ராஸ்பர்கில் அதேபோல் பிடிபட்ட இகோர்ஸ் ரவுசிஸின் பட்டமும் பறிக்கப்பட்டது. ஆறு ஆண்டு தடை வேறு. வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பட்டம் என்பதால்தான் இந்தக் கடுமை. எழுபது வயதில் 2200க்கு இறங்கிவிட்ட கிராண்ட்மாஸ்டரும் கிராண்ட்மாஸ்டர்தான். அவர் பெயருக்கு முன்னால் வரும் இரண்டெழுத்து, ஒரு காலத்தில் மூன்று முறை அவர் அந்த உயரத்தில் ஆடினார் என்று சொல்கிறது. அது பொய்யாகக்கூடாது.

இனி வயது. 2019 ஜனவரியில் டெல்லி சர்வதேச ஓப்பனில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். செர்ஜி கார்யாகின் 2002இல் 12 ஆண்டு 7 மாதத்தில் வைத்த சாதனையை 17 நாளில் தவறவிட்டார் என்றே எங்கும் செய்தி. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் 2600 தரத்தில் மூன்று போட்டிகள் ஆடி முடித்திருக்கிறான். அவனைப் பற்றி எழுதப்பட்டது அவன் எதைத் தவறவிட்டான் என்பது! கார்யாகினின் சாதனையை 2021 ஜூனில் புடாபெஸ்டில் அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா 12 ஆண்டு, 4 மாதம், 25 நாளில் முறியடித்தார். குகேஷ் அந்த 17 நாளால் எதையும் இழக்கவில்லை என்பதற்கு 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவர் வென்ற உலகப் பட்டம் சாட்சி. இப்படிச் செய்தி எழுதுவதன் கெடுதல் மற்றவர்களுக்கு. பதினாறு வயதில் இரண்டு நார்மோடு இருக்கும் பிள்ளையை ‘லேட்’ என்று நினைக்கும் பெற்றோர்களை உண்டாக்கியவை இந்தத் தலைப்புகள்தான். பன்னிரண்டு வயதில் ஆகாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்ற பேச்சு செஸ் அகாடமி வாசல்களில் சாதாரணமாகக் கேட்கிறது. 31 வயதில் பட்டம் முடித்தவரின் கதையை அந்த வாசல்களில் சொல்ல வேண்டும்.

போட்டி நடத்துவோர் பக்கம் என்ன குறை? பரிசளிப்பு விழாவில் முதல் இருபது இடங்களுக்கும் உறையில் பணம், கோப்பை, பொன்னாடை. வயதுவாரிப் பரிசுகள் தனியே. பதினோராவது இடத்தில் முடித்து ஒரு நார்ம் எடுத்தவர் நடுவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டு, கையொப்பத்துக்காக நின்று, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கிறார். அந்தப் போட்டியில் நடந்த மிக அரிய சாதனை அதுவாகத்தான் இருக்கும். சாம்பியன் பட்டம் ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருவருக்குக் கிடைத்தே தீரும்; நார்ம் அப்படி இல்லை. யாருக்குமே கிடைக்காமல் முடியும் போட்டிகள் எத்தனையோ. ஃபிடே மாஸ்டர், கேண்டிடேட் மாஸ்டர் பட்டங்களுக்குரிய ரேட்டிங்கை ஒரு பிள்ளை அந்தப் போட்டியில் எட்டினால், ரேட்டிங் பட்டியல் வெளிவரும்போது இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு சரி. திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ 2200ஐத் தொட்ட ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அது ஊரே கூடி மெச்ச வேண்டிய உயரம்.

மரியாதை என்பது பணத்தை மட்டும் குறிப்பதில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கிராண்ட்மாஸ்டர்களுக்குத் தங்குமிடம் இலவசம் என்ற நல்ல வழக்கங்கள் பல போட்டிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. மேசைப் பெயர்ப்பலகையில் பெயருக்கு முன் பட்டத்தைப் போடுகிறார்கள். அவையெல்லாம் முடிந்த சாதனைக்குத் தரும் மரியாதை. நார்ம் என்பது நடுவழிச் சாதனை. அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். இரண்டாவது நார்முக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் பயணச் செலவு, பயிற்சியாளர், ஆதரவு எல்லாம் அதிகம் தேவைப்படுகிறது. அரசும் நிறுவனங்களும் உதவி தரும்போது பட்டம் முடிந்தபின் பாராட்டு விழா எடுப்பதைவிட, இரண்டு சான்றிதழோடு வருபவரைத் தேடிப்பிடித்து உதவுவது பயனுள்ளது. உலகப் பட்டம் வென்ற குகேஷுக்குத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது சரியான செயல். அதில் சிறு பங்கை ஒதுக்கினாலும் இருபது வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்து ஒரு ஓப்பன் நடத்திவிடலாம். விதிப்படி ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த இருபது ரேட்டிங் பெற்ற வெளிநாட்டவர் ஆடி, அவர்களில் பத்துப் பேராவது இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் அல்லது பெண்களுக்கான அதே நிலைப் பட்டம் பெற்றவர்களாக இருந்தால், எதிராளிகள் எந்த நாட்டவர் என்ற நிபந்தனையே தளர்ந்துவிடுகிறது. இந்தியரோடு இந்தியர் ஆடியும் நார்ம் எடுக்கலாம். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தி உலகத்தையே வரவழைத்த மாநிலத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

போட்டி அமைப்பாளர்களிடம் இந்தக் கட்டுரை கேட்பது செலவில்லாத ஒன்று. உங்கள் அடுத்த சர்வதேசப் போட்டியில் எட்டாம் சுற்று முடிந்ததும், நார்ம் வாய்ப்புள்ளவர்களின் பெயரையும் அவர்களுக்கு வேண்டிய புள்ளியையும் தலைமை நடுவரைக் கொண்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். பரிசளிப்பு விழாவில் சாம்பியனை அழைப்பதற்கு முன் நார்ம் எடுத்தவரை மேடைக்கு அழைத்து, கையொப்பமிட்ட சான்றிதழை எல்லார் முன்னிலையிலும் கொடுங்கள். இது எத்தனையாவது நார்ம் என்று சொல்லுங்கள். செய்தியாளர்களுக்கு அனுப்பும் குறிப்பில் வயதுக்கு முன்னால் அதை எழுதுங்கள்.